முப்பத்திரண்டாம் பக்கத்துத் தோழிமேல் ஒரு புகார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓசியில் படித்துவரும் வாசகி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குத் தங்கள் இதழின் முப்பத்திரண்டாம் பக்கமே காரணம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஒரு துணிக்கடையின் பின்னறையில் தையல் வேலை பார்ப்பவள். வாங்கிய உடுப்பு வாங்கியவருக்குப் பொருந்தாதபோது இடுப்பைப் பிடித்து, நீளத்தைக் குறைத்து, அவர் மெலிந்துவிட்டதாக அவரையே நம்பவைத்து அனுப்புவது என் பணி. காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காக முதலாளி தங்கள் இதழை வாங்கிப் போடுகிறார். வார முடிவில் அதை நான் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். என் கணவர் பொது நீச்சல் குளத்தின் பராமரிப்பாளர். விடிந்ததும் குளத்தில் இறங்கி வலையால் சருகு அள்ளுவார், ஓடுகளைத் தேய்ப்பார், குளோரின் கலப்பார். நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கிற மனிதருக்குத் தோல் மட்டும் காய்ந்த வெங்காயச் சருகு போல. கெண்டைக்காலில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். எங்கள் மகள் சின்ன வயதில் அவர் காலில்தான் கூட்டல் கணக்குப் போட்டுப் பழகினாள்.

இதற்கு நான் வைத்தியம் சொல்லாமல் இருந்தேனா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன். கொதிக்கிற தண்ணியில குளிக்காதீங்க, குளிச்சதும் ஈரத்தோட எதையாவது தடவுங்க, சோப்பைப் போட்டு அப்படித் தேய்க்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் காய்ஞ்சுது. தண்ணியிலயே பிழைக்கிறவனுக்கு ஈரம் எதுக்குன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு. கிணத்துல போட்ட கல். சரி, விதின்னு விட்டுட்டேன். போன மழைக்காலத்துல ஒரு நாள், வீட்டுல வச்சுத் தைக்க வேண்டிய ஒரு கோட்டு நனையக்கூடாதேன்னு உங்க இதழைச் சுத்தி எடுத்துட்டுப் போனேன். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டவ நான்தான், ஒத்துக்கறேன். வீட்டுல அந்தக் காகிதத்தைப் பிரிச்ச இவரு மேல இருந்த பக்கத்தைப் படிச்சாரு. 'சருமத் தோழி'ங்கிற பேர்ல ஒரு அம்மா எழுதுற பக்கம். படிச்சவரு நின்ன இடத்துலயே நின்னாரு. ரொம்ப நேரம் தண்ணியில இருந்தா தோல்ல இயற்கையா இருக்கிற எண்ணெய்ப் பசை போயிடும், குளோரின் மிச்சத்தையும் வழிச்சிடும், அதனால வெளியே வந்ததும் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாப் போயிடும்னு அந்த அம்மா எழுதியிருக்காங்களாம். எவ்வளவு தெளிவா சொல்றாங்க பாரு, இதை இத்தனை நாள் ஒருத்தர்கூட எனக்குச் சொல்லலையேன்னு என்கிட்டயே கேட்டாரு. ஐயா, கையில ஊசி இருந்தது. நல்லவேளை, தைக்கிற ஊசிதான், கோணி ஊசி இல்ல.

அன்னைக்கு ஆரம்பிச்சது. மறுநாளே ஒரு லோஷன் பாட்டிலோட வந்தாரு. அடுத்த வாரம் இன்னொண்ணு. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாட்டிலுக்குப் பின்னாடி எறும்பு எழுத்துல இருக்கிறதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பாரு. சோத்துல கையை வச்சுக்கிட்டே பாடம் எடுப்பாரு. கிளிசரின் இருக்கே, அது ஈரத்தை இழுத்துட்டு வந்து தோல்ல உட்கார வைக்குமாம். ஷியா வெண்ணெய் மாதிரிக் கொழுப்பெல்லாம் செதில் செதிலா நிக்கிற இடத்துல இடுக்கை நிரப்பி வழவழன்னு ஆக்குமாம். பெட்ரோலியம் ஜெல்லி மேல மூடி போட்டு, வந்த ஈரத்தை வெளியே விடாதாம். செராமைடுன்னு ஒண்ணு, அது நம்ம தோல்லயே இருக்கிற சாமானாம்; குளத்து ஓடுகளுக்கு நடுவுல பூசுற பூச்சு மாதிரியாம், பூச்சு உதிர்ந்தா தண்ணி கசியுமாம். அந்த ஓட்டு உதாரணம் அவங்க எழுதினதான்னு கேட்டேன். இல்ல, நானா யோசிச்சேன்னு வெட்கப்பட்டாரு. இருபத்திரண்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு உதாரணம் யோசிச்சது கிடையாது. குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம்னு கொண்டுவந்த அன்னைக்கு, வயலுக்குப் போடுறதைக் காலுக்குப் போட்டா அறுவடை எப்பன்னு கேட்டேன். சிரிக்கலை. அது கெட்டித் தோலை இளக்கும், தோழி போன மாசமே எழுதிட்டாங்கன்னாரு. காலையில தோழி சொன்னாங்க, மத்தியானம் தோழி சொன்னாங்க. எங்க வீட்டுல மூணு பேர்தான் சார் இருக்கோம், ஆனா நாலு பேரா குடித்தனம் பண்றோம்.

அதோட விட்டாரா? எனக்குத் தெரியாம அவங்களுக்குக் கடிதம் எழுதியிருக்காரு. என் பிரசவத்தப்ப எங்க அம்மா வீட்டுக்கு மூணு மாசம் போயிருந்தேன், ஒரு வரி எழுதாத மனுஷன். நீங்களும் பதில் போட்டீங்க, 'நீச்சல் குள நண்பருக்கு' அப்படின்னு கொட்டை எழுத்துல. நண்பராம். அதைக் கத்தரிச்சு, என்னோட நல்ல கத்தரிக்கோலால, துணி வெட்டுற கத்தரிக்கோலால கத்தரிச்சு, முகம் பாக்குற கண்ணாடியோட ஓரத்துல சொருகி வச்சாரு. காகிதம் வெட்டினா கத்தரிக்கோல் மழுங்கும்னு தெரியாதா அவருக்கு? தினமும் தலை வாரும்போது அந்த நண்பரைப் படிச்சுட்டுத்தான் நான் வேலைக்குப் போறேன்.

வயித்தெரிச்சல்னே வச்சுக்குங்க, மறைக்கலை. இந்த அம்மா எழுதினதுல ஒரு தப்பாவது கண்டுபிடிச்சு இவரு முகத்துல வீசணும்னு முடிவு பண்ணினேன். மருந்துக்கடையில சுத்தமான கிளிசரின் ஒரு பாட்டில் வாங்கி, எதுவும் கலக்காம ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பூசிட்டு வேலைக்குப் போனேன். அன்னைக்குப் பார்த்து ஒரு பாடகியம்மாவோட வெள்ளை ரோமக் கழுத்துப்பட்டையைச் சின்னதாக்குற வேலை. வெட்ட வெட்ட ரோமம் பறந்து என் கையில ஒட்டிக்கிச்சு. கழுவலாம்னு எழுந்தா, பாடகியம்மாவே உள்ளே வந்துட்டாங்க. அவங்க கழுத்துப்பட்டையைப் பார்த்தாங்க, பாதி மொட்டையா இருந்தது. என் கையைப் பார்த்தாங்க, செம்மறியாடு மாதிரி இருந்தது. மிச்சம் எங்கேன்னு கேக்க வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்லை. முதலாளி என்னை ரெண்டு நாள் லீவுல அனுப்பினாரு. வீட்டுக்கு வந்து இவர்கிட்ட, பாத்தீங்களா உங்க கிளிசரின் லட்சணத்தைன்னேன். நிதானமா, கிளிசரினைத் தனியா அப்படியே பூசக்கூடாது, பிசுபிசுக்கும், காத்து காய்ஞ்சிருந்தா உள்ளே இருக்கிற ஈரத்தையே இழுத்துடும்னு மூணாவது வாரமே எழுதியிருந்தாங்களேன்னாரு. வெந்த புண்ணுல வேல்.

அந்த லீவுலதான் அடுத்த கூத்து. மூடி போடுற ஜெல்லியைச் சோதிக்கலாம்னு உள்ளங்கால், உள்ளங்கையெல்லாம் அப்பிக்கிட்டேன். இவரு சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிருந்தாரு. அந்தக் காலோடயே செருப்பை மாட்டிக்கிட்டு குளத்துக்குப் போனேன். உள்ளே செருப்போட வரக்கூடாதுன்னு ஒரு பலகை இருக்கு, இவரே எழுதி மாட்டினது. கழட்டினேன். ரெண்டே அடி, சார். மூணாவது அடி தரையில விழலை. பக்கத்துல நீச்சல் வகுப்பு நடக்குது, பயிற்சியாளரு கால் எப்படி உதைக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்காரு, நான் உதைச்சுக் காட்டினேன். சாப்பாட்டு டப்பா மிதந்தது, நான் மிதக்கலை. இவரு உடுப்போட குதிச்சாரு. கையைப் பிடிச்சாரு, வழுக்கிடுச்சு. மறுபடியும் பிடிச்சாரு, மறுபடியும் வழுக்கிடுச்சு. கடைசியில கரையேறி, சருகு அள்ளுற வலையோட கம்பைப் போட்டு, அதுல என்னைத் தொத்திக்க வச்சு இழுத்தாரு.

கரையில உட்கார வச்சு ஒரு துண்டால போர்த்தினாரு. திட்டப்போறாருன்னு பார்த்தா, தன் அலமாரியில இருந்து லோஷனை எடுத்துட்டு வந்தாரு. தோல் ஈரமா இருக்கும்போதே தடவிடணும்னு சொல்லி, அத்தனை பேர் பாக்க, என் கையை எடுத்துத் தன் மடியில வச்சுத் தடவ ஆரம்பிச்சாரு. விரல் நுனிக்கு வந்ததும் நின்னுட்டாரு. ஊசி குத்திக் குத்தி, துணி உரசி உரசி, என் விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கும். பட்டுத்துணி எடுத்தா நூலைப் பிடிச்சு இழுக்கும். அது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்.

"இவ்வளவு நாளா இது வலிக்கலையா உனக்கு?"ன்னு கேட்டாரு.

நான் விடலை. நான் சொன்னதைத்தானே அவங்களும் சொன்னாங்க, நான் சொன்னப்ப ஏன் காதுல ஏறலைன்னு கேட்டேன். லோஷன் மூடியைத் திருகிக்கிட்டே ரொம்ப மெதுவா சொன்னாரு:

"நீ, காலைப் பாருங்க, போர்வையெல்லாம் செதில் கொட்டுதுன்னு சொன்ன. அவங்க முதல் வரியில, அரிக்குதா, தூங்க முடியலையான்னு கேட்டிருந்தாங்க."

நியாயம்தான். அதனாலதான் வயிறு இன்னும் அதிகமா எரியுது. தப்பா எழுதியிருந்தா சண்டை போட்டு ஆத்திக்கலாம். சரியா எழுதினவளை என்ன பண்றது? இருபத்திரண்டு வருஷம் பக்கத்துலயே படுத்திருந்த நான் கேக்காததை, முகம் தெரியாத ஒருத்தி ஒரு வரியில கேட்டுட்டாளே.

ஆகையால், ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை இரண்டு. ஒன்று, மேற்படி பக்கத்தை உடனே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டியோ வேறு எதுவோ போடவும். இரண்டு, குளித்த ஈரத்தோடு தடவ வேண்டும் என்பதை முதலில் சொன்னது ஒரு தையல்காரி என்று, 'நண்பருக்கு' என்று போட்ட அதே கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு வெளியிடவும். தங்கள் இதழ் பல்லாண்டு செழிக்கவும், தங்கள் குடும்பத்தார் தோல் நோய் எதுவுமின்றி வாழவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துணிக்கடைப் பின்னறைத் தையல்காரி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இந்த வார இதழ் வந்தது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் 'சருமத் தோழி சில காலம் எழுதமாட்டார்' என்று ஒற்றை வரி போட்டிருக்கிறீர்கள். ஏன் சார்? அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இவரு காலையில இருந்து சரியா சாப்பிடலை. நானும்தான். குளிர்காலம் வேற வருது, உதட்டுக்கு என்ன போடணும்னு இன்னும் அவங்க சொல்லவே இல்லையே, நாங்க யாரைக் கேப்போம்? மேல எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, அவங்களைக் கெஞ்சிக் கூத்தாடியாவது கூட்டிட்டு வாங்க. யாராவது வயித்தெரிச்சல் பிடிச்சவ மொட்டைக் கடிதாசி எழுதி அவங்க மனசை நோகடிச்சிருந்தா, அவ விலாசத்தை மட்டும் எனக்கு அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்.