வாத்துச் சோறு கொண்டுவந்த குற்றம்

பினாங்குத் தீவில் காலை ஆறு மணிக்கே எல்லாக் கடவுள்களோடும் சண்டை பிடித்த ஒரே மனிதர் எங்கள் வேன் டிரைவர்தான். ஜெலுத்தோங்கில் எங்களை ஏற்றி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இறக்குவதற்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எது கண்ணில் பட்டாலும் ஒரு பிரசங்கம் உண்டு.

"மனுஷன் நல்லாத்தான் பொறக்கிறான் லா. மதம்தான் அவனைக் கெடுக்குது. நீ வேற, நான் வேறன்னு சொல்லிக் கொடுக்குது," என்பார். ஆமாம் என்றாலும் விடமாட்டார், இல்லை என்றாலும் விடமாட்டார்.

எங்களில் மூத்தவர் லோகா அக்கா. "சாமி படமே இல்லாத வண்டியில எப்படி அண்ணே நம்பி உட்காருறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். மறுநாள் பாசார் கடையில் வாங்கிய மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்று டிரைவருக்கு முன்னால் ஒட்டப்பட்டிருந்தது.

"இந்தாங்க சாமி. காணிக்கை கேட்காது, யாரையும் தள்ளி வைக்காது," என்றார் அவர்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று முதல் அவர் வாத்து அண்ணன்.

அடுத்த வாரம் முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. எங்கள் வேன் ஒரு சாண் தள்ளி நின்றது. "வாத்துதான் காப்பாத்திச்சு," என்றார் லோகா அக்கா, விளையாட்டாக. மறுநாள் அதற்கு ஒரு முழம் மல்லிகை வைத்தார், அதுவும் விளையாட்டாக. பூ வைக்காத நாளில் டயர் பஞ்சரானது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் செருப்புப் போடக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. எங்களோடு வரும் மரியம் அக்கா கும்பிடமாட்டார், அவர் மார்க்கத்தில் கூடாது. ஆனால் வாத்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார். பட்டம் வாங்கிய நானும் பதவி உயர்வு நேர்காணலன்று அதன் தலையைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினேன். வாத்து அண்ணனுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை.

அப்போதுதான் நிபோங் திபாலிலிருந்து அமுதா வேலைக்கு வந்தாள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இரண்டு முறை தாமதமாகிவிட்டது, மூன்றாவது முறை என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒருநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு ஏறினாள்.

"என்ன கறி பிள்ளை, வாசம் தூக்குது?" என்றார் லோகா அக்கா.

"வாத்துச் சோறு அக்கா. நேத்து சீனன் கடையில வாங்கினது."

எல்லோர் கண்ணும் முன்னால் இருந்த ரப்பர் வாத்தின் மேல் போனது.

"வாத்துக்கு முன்னாலேயே வாத்தா?" என்றார் லோகா அக்கா.

அமுதா கேலி என்று நினைத்துச் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

மறுநாள் அவள் ஏறும் இடத்தில் வேன் நின்றபோது காலியான மூன்று இருக்கைகளிலும் பைகள் இருந்தன. "இடமில்ல பிள்ளை, பஸ்ல வந்துடு," என்று லோகா அக்கா கதவை இழுத்துச் சாத்தினார். அவற்றில் ஒரு பை என்னுடையது.

பிரசங்கத்தில் மூழ்கியிருந்த வாத்து அண்ணன் அடுத்த சிக்னலில்தான் கண்ணாடியில் பார்த்தார். "அமுதா ஏறலயா? அந்தப் பையெல்லாம் யாருது?"

"அவ வாத்துக் கறி தின்னா அண்ணே," என்றேன். சொன்னது நான்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

சிக்னலைத் தாண்டி வேனை ஓரம் கட்டினார். "மதம்தான் கெடுக்குதுன்னு இத்தனை வருஷமா கத்தினேன். இது வெறும் பொம்மை லா. இதுக்கே இப்படியா?"

"எங்க மார்க்கம் யாரையும் தள்ளி வைக்கச் சொல்லல அண்ணே," என்றார் மரியம் அக்கா. பிறகு மெதுவாக, "ஆனா நானும்தான் பையை எடுக்கல."

அண்ணன் வாத்தைப் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வேனைத் திருப்பினார். தாமதமாகிவிடும் என்று எல்லோரும் கத்தினோம்.

"ஆகட்டும். அவ மட்டும் லேட்டா போனா அவ வேலை போகும். எல்லாரும் லேட்டா போனா வேன் மேலதான் தப்பு."

அமுதா பஸ் நிறுத்தத்தில் அழுதுகொண்டு நின்றாள். நான் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியில் கோளாறு என்று அண்ணன் சொல்லி, எச்சரிக்கைக் கடிதத்தைத் தானே வாங்கிக்கொண்டார். அமுதாவின் வேலை நிலைத்தது.

மறுநாள் ஆறு மணிக்குப் பிரசங்கம் வழக்கம்போல ஆரம்பித்தது. "மதம்தான் மனுஷனைக் கெடுக்குது," என்றார். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "நாமளும் சும்மா இல்ல," என்றார்.

இப்போது அவர் வேன் ஓட்டுவதில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் என் பை மடியில்தான் இருக்கிறது. காதில் அவர் சண்டை விழாத காலை இன்னும் எனக்கு விடிந்த மாதிரியே இல்லை.