பக்கத்துத் தெருக் குப்பை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகனைப் பெற்றவன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியும் ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் உட்கார இடம் கிடைத்து, அலைச்சல் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். உங்கள் எண்ணை அழுத்துவதும், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவதுமாக இருந்தேன். கடிதத்தில் முகம் தெரியாது. கையெழுத்து நடுங்கினாலும் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். பார்க்காத பாதி அதைவிடக் கேவலம். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் பார்த்த பாதிக்கு மன்னிப்பே கேட்க முடியாது.

போன வருடம் உங்கள் முதல் பொட்டலம் வந்த அன்று மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். நானே பிரித்தேன். வெளிர் பச்சையில், முட்டை வடிவில், நடுவே ஓர் இலை அச்சோடு அழகழகான சோப்புகள். சமைத்து மிஞ்சின எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் நீங்களே காய்ச்சி வார்ப்பது என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். ஊரில் எத்தனை பேருக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து சோப்பு வருகிறது? அந்த நிமிடமே துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டேன். தலை காய்வதற்குள் உங்களுக்கு போன் போட்டு, "சம்பந்தியம்மா, இப்பத்தான் உங்க சோப்புல குளிச்சிட்டு வர்றேன், உடம்பு இறகு மாதிரி இருக்கு" என்று சொன்னேன். "குளிச்சீங்களா?" என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். பூரித்துப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். அதிலிருந்து மாதம் தவறாமல் உங்களிடமிருந்து பொட்டலம் வந்தது, என்னிடமிருந்து புகழ்ச்சி வந்தது.

இப்போது உண்மையை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் நிஜமாகவே குளித்தேன். முதலில் முதுகு தடித்தது, பிறகு கழுத்து, பிறகு சம்பந்தியம்மாவுக்கு எழுதத் தகாத இடங்கள். சட்டை போட்டால் எரிந்தது, கழற்றினால் அரித்தது. கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து என் மனைவி, "வீட்டுக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? போய் டாக்டரைப் பாருங்க" என்றாள். தோல் டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "என்னத்தைப் போட்டுக் குளிக்கறீங்க?" என்றார். சம்பந்தியம்மா கையால் செய்த சோப்பு என்று அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டார். அன்றோடு குளிப்பதை, அதாவது அந்தச் சோப்பில் குளிப்பதை, நிறுத்திவிட்டேன். உங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இறகு என்று சொன்ன வாயால் சொறி என்று எப்படிச் சொல்வது? அலமாரி நிரம்பியது. யாருக்காவது கொடுக்கலாம் என்றால் எங்கள் கட்டடத்தில் அந்த இலை அச்சைத் தெரியாத ஆள் கிடையாது, மாடி மாடியாக ஏறிக் காட்டியவனே நான்தானே. வாசலில் குப்பையோடு வைத்தால் குப்பை எடுக்க வருகிறவர் கண்ணில் பட்டுவிடும். ஆகவே வீட்டுக் குப்பை, சோப்பு எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையாகக் கட்டி, காலை நடைக்குப் போகிற சாக்கில் பக்கத்துத் தெருத் தொட்டியில் போட்டுவிட்டு, கை வீசிக்கொண்டு திரும்புவது என் வழக்கமாகிவிட்டது.

இதற்குள் எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஒரு பசுமைச் சந்தை நடத்துவது என்று கிளம்பினார். அவரை நீங்களே பார்த்தீர்கள். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் 'மைக்'. குப்பையைக் குறைப்பது, கிழிந்ததைத் தைத்துப் போடுவது, உடைந்ததை ஒட்டுவது, வெயிலில் மின்சாரம் எடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடை. அதோடு, யார் வீட்டு வாசலில் குப்பைப் பையே இருப்பதில்லை என்று கொஞ்ச நாளாகக் கவனித்திருக்கிறார்கள். எங்கள் வாசல்தான். மைக் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சார், குப்பையே இல்லாம எப்படி சார் குடும்பம் நடத்தறீங்க? நீங்கதான் எங்களுக்கு வழிகாட்டி" என்றார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எல்லாம் ஒரு ஒழுங்குதான்" என்று வெளியே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் மூன்றாம் மாடியில் காலியாகிற வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் பெற்ற ஒரே பெண்ணுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிடலாம் என்று நீங்கள் சொன்னதிலிருந்து மருமகளுக்குக் கால் தரையில் படவில்லை. பால்கனியில் எங்கே கொடி கட்டுவது என்பது வரைக்கும் அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். நீங்கள் பேசாமல் வந்து, வீட்டைப் பார்த்துவிட்டு, காபி சாப்பிட்டுப் போயிருப்பீர்கள். நான்தான், "சந்தைக்கும் வாங்க, என்னைப் பாராட்டறாங்க" என்று வலியக் கூப்பிட்டேன்.

மேடையில் நான் பேசியதை நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டீர்கள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு சோப்பைத் தூக்கிப் பிடித்து, "இது எங்க சம்பந்தியம்மா செஞ்சது. எங்க குடும்பமே இதுலதான் குளிக்குது. இதைத் தவிர வேற சோப்பு எங்க வீட்டுப் படியேறாது" என்று சொன்னேன். கை தட்டினார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள், அடக்கம் என்று நினைத்தேன். 'குப்பையில்லாக் குடும்பம்' என்று எழுதின சான்றிதழும் ஒரு செடியும் கொடுத்தார்கள். நான் செடியை அணைத்துக்கொண்டு இறங்குவதற்குள், "அடுத்து நம்ம கண்ணைத் திறக்கப் போற நிகழ்ச்சி! ஒரு தொட்டிக் குப்பை, உங்க கண்ணு முன்னாடி!" என்று மைக் அறிவிக்க, இரண்டு பேர் நீலத் தார்ப்பாயை விரிக்க ஆரம்பித்தார்கள். மேடைக்குத் திரும்ப ஏறி, அவர் காதோரம், "எந்தத் தொட்டிங்க?" என்றேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நம்ம தொட்டியைக் கொட்டினா நம்ம மானம்தான சார் போகும்? அதான் பக்கத்துத் தெருவுலேருந்து தள்ளிக்கிட்டு வரச் சொல்லிட்டேன்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நீங்கள் பார்க்காத பாதி இங்கேதான் ஆரம்பம். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன். எதை நிறுத்த வேண்டுமானாலும் என் கை மெயின் சுவிட்சுக்குத்தான் போகும். கட்டடத்துக்குப் பின்னால் ஓடி, பெட்டியைத் திறந்து, சுவிட்சை இழுத்து இறக்கினேன். மைக் செத்துப்போகும், கூட்டம் கலையும், அந்தக் குழப்பத்தில் தொட்டியை நானே தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்கு. மைக் சாகவில்லை. "வெயிலுக்கு நன்றி சொல்லுங்க, இன்னிக்கு மேடை முழுக்கச் சூரிய மின்சாரம்!" என்று அது இன்னும் கணீரென்று கேட்டது. நின்றது எங்கள் கட்டடத்து லிஃப்ட். அதற்குள்ளே, சந்தைக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுப்பதற்காக எங்கள் வீட்டு டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தவள் என் மனைவி. இரண்டு மாடிக்கு நடுவிலிருந்து, "எவன்டா கரண்டை நிறுத்தினது? அவன் நல்லா இருப்பானா?" என்று குரல் வந்தது. குரலைக் கேட்டதுமே யார் என்று தெரிந்துவிட்டது.

சுவிட்சைத் திருப்பிப் போட்டேன், அந்தக் கிழட்டு லிஃப்ட் அசையவில்லை. மொட்டை மாடி அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அது எனக்குத்தான் தெரியும். மூச்சு வாங்க ஏறினேன். அந்த அறையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, சம்பந்தியம்மா. அதன் வழியாகப் பார்த்தால் நீலத் தார்ப்பாய் முழுசாகத் தெரிகிறது. நான் ஒரு சுற்றுச் சுற்ற, கீழே ஒரு பை அவிழ்கிறது. சுற்றுவதை நிறுத்தினால் மனைவி அந்தரத்தில் தொங்குவாள், நிறுத்தாவிட்டால் என் மானம் தொங்கும். சுற்றிக்கொண்டேதான் இருந்தேன். கறுப்புப் பை அவிழ்ந்தது. வெளிர் பச்சையாக, முட்டை முட்டையாக உருண்டது. என் கண் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மனைவியை மீட்டுக்கொண்டு நான் வந்தபோது மைக், "பாருங்க, தண்ணிகூடப் படாத சோப்பு! இப்படி வீணடிக்கிற ஜென்மங்களும் நம்ம மத்தியில இருக்குது!" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு, இலை அச்சைப் பார்த்து, அந்த ஆள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மைக்கைத் தானாகக் கீழே இறக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். நான், "அய்யய்யோ, நம்ம சோப்பை யாரோ திருடியிருக்காங்க!" என்றேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பக்கத்துத் தெருக்காரர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். கிழிசல் தைக்கும் கடை போட்டிருந்த தையல்காரர் ஊசியோடு எழுந்துவிட்டார். "எங்க தெருக் குப்பையை எங்களைக் கேக்காமத் தூக்கிட்டு வந்தீங்க, பொறுத்துக்கிட்டோம். இப்போ நாங்க திருடனுங்களா?" என்றார். நாலு பேர் அவர் பின்னால் வந்தார்கள். பெரிய சண்டையாகியிருக்கும். என் மனைவி டம்ளர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தார்ப்பாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். சத்தமே போடாமல், "யாரும் திருடலைங்க. எங்க வீட்டுக் குப்பைதான். நான் கட்டிக் கொடுப்பேன், இவரு நடக்கப் போறப்ப போட்டுட்டு வருவாரு. எங்களை மன்னிச்சுடுங்க" என்றாள். தையல்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்ததே தேவலை என்று ஆகிவிட்டது.

நீங்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, வாசல் பக்கம் விறுவிறுவென்று நடந்தீர்கள். சம்பந்தி பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். திரும்பிப் பார்த்து, "வர்றோம் சம்பந்தி" என்று மட்டும் சொன்னார். அவர் கண்ணிலும் தண்ணீர். மூன்றாம் மாடி வீட்டுச் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தையல்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க, தொட்டி பொதுதானே" என்றார், ஆனால் உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. மருமகள் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டை வைக்கிறாள், சட்டென்று உள்ளே போய்விடுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் எண்ணெய் காய்ச்சி, கிளறி, ஆற வைத்து, அச்சில் வார்த்து, காகிதம் சுற்றி அனுப்பியதை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவில் எறிந்தேன். பிடிக்காததுகூடப் பரவாயில்லை, பிடித்ததாகச் சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. என் மேல் உள்ள கோபத்தில் அந்த வீட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் எதிரில் வராமல் இருந்துகொள்கிறேன். லிஃப்டில் நீங்கள் வந்தால் நான் படியில் போகிறேன். பொறுக்கிய சோப்புகளைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், டாக்டர் என்ன சொன்னாலும் சரி, நாளையிலிருந்து அதிலேயே குளிக்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், குறிப்பாகத் தோல் நலத்தோடு, நீடூழி வாழ வேண்டும். சம்பந்திக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், அவர் ஏற்றுக்கொள்வார் என்றால்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், தவறு ஏதும் இருக்கிறதா என்று மருமகளிடம் கொடுத்தேன். படித்தவள் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் சிரித்தாள். "மாமா, அது பாத்திரம் தேய்க்கிற சோப்பு" என்றாள். நான் ஆசையாக போன் செய்ததால் மனசு நோகக் கூடாது என்று நீங்கள் அவளையும் வாயைத் திறக்க விடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அழவும் இல்லையாம், பேருந்து நிலையம் வரைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். இவளும் என்னைப் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்றுதான் உள்ளே ஓடினாளாம். கிழித்துவிடலாம் என்றால் இவ்வளவையும் மறுபடி எழுதக் கையில் தெம்பில்லை, ஆகவே சௌக்கியம் விசாரித்த இடத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளவும். வீட்டை அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறீர்களாம், மகிழ்ச்சி. அப்படியானால் உங்கள் அம்மா எதில்தான் குளிக்கிறார்கள் என்று மருமகளைக் கேட்டேன். "கடையில வாங்கறதுதான் மாமா, ரோஜாப்பூ வாசனை வரும்" என்றாள். இப்போது கடைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.