முந்நூறு முட்டைக்காரி

எனக்கு ஆணி பார்த்து வாங்கத் தெரியும். கோழி பார்த்து வாங்கத் தெரியாது. மாத்தளை டவுனில் ஹாட்வெயார் கடையில் நிற்பவனுக்கு அது தெரியாததில் குற்றமில்லை. தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டதுதான் வினை.

அந்த வருடம் எங்கள் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து அலுவிகாரை வீட்டுக்கு வந்த என் மனைவி சாந்தி யாரோடும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, தன் கறுப்பிக் கோழியைப் பதினொரு முட்டையில் அடை வைத்துவிட்டு, உக்குவளையில் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"ஒரு மாசத்துல வந்துர்றேன். வரும்போது வாசல்ல குஞ்சு நிக்கணும்ங்க."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மறுநாளே கறுப்பியைக் கீரி கொண்டுபோய்விட்டது.

முட்டைகளை என் ஸ்வெட்டரில் சுற்றி வைத்துவிட்டு, இரண்டு சந்தி தள்ளிக் கோழி வளர்க்கும் கரீம் நானாவிடம் ஓடினேன். அவர் இரண்டைக் காட்டினார். ஒன்று கழுத்தில் மயிரில்லாத நாட்டுக்கோழி. கிட்டே போனதும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு என் விரலைக் கொத்தி ரத்தம் எடுத்தது. மற்றது கொழுகொழுவென்று, முட்டைக்கென்றே வளர்க்கும் ஒரு பழுப்பு லேயர் கோழி. கல்யாண வீட்டுப் பெரியம்மா மாதிரி நின்றது.

"தம்பி, மொட்டைக்கழுத்த எடுங்க. கொத்துதுல்ல, அதுதான் உக்காரும். லேயருக்கு அடைப்புத்தியே இல்ல. போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கும்."

"வருசத்துக்கு எத்தனை போடும் நானா?"

"முந்நூறுக்குக் கிட்ட."

முந்நூறு முட்டை போடுகிறவளுக்கு முட்டைமேல் எவ்வளவு பாசம் இருக்கும்! (என் அறிவு அன்றைக்கு அப்படித்தான் வேலை செய்தது.) நானா தலையில் கைவைத்துக்கொண்டு நிற்க, லேயரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இடிக்கு முட்டை கெடும் என்று அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டு போடுவார்கள். நான் அரைக் கிலோ ஆணி போட்டேன். (கடைக்காரனாயிற்றே!) லேயர் உள்ளே போனாள், தன் பங்குக்கு ஒன்றைப் போட்டாள், ஊரைக் கூட்டிக் கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தாள். பிடித்து வைத்தேன், வந்தாள். மேலே கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்தேன். உள்ளே நின்றபடியே இரண்டை மிதித்து உடைத்து, ஒன்றைக் குடித்தும் விட்டாள். "உக்காரும்மா தாயே!" என்று கூடைக்கு முன்னால் நான் கும்பிட்டதை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

தினமும் சாந்தி போனில் கேட்பாள்: "உக்காந்திருக்கா?"

"உக்காந்திருக்கு."

நான்காம் நாள் வெட்கத்தை விட்டு நானாவிடம் போனேன். அவர் மொட்டைக்கழுத்தைச் சாக்கில் போட்டுத் தந்தார். அது முட்டையைக் கண்டதும் இறக்கையை விரித்து உட்கார்ந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. நான்கு நாள் சூடில்லாமல் கிடந்த முட்டை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. உறைக்கக் கூடாதென்று இருந்தேனோ என்னவோ.

இருபத்தொரு நாள் ஆனது. இருபத்தைந்தும் ஆனது. கோழி எழும்பவில்லை. சாந்தி வந்துவிட்டாள்.

"கறுப்பி எங்கங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆணியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உக்காரும்மா தாயே" வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு குனிந்து ஒரு முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் மாதிரிக் குலுங்கியது. அதைத் திரும்ப வைத்ததும் கோழி அவள் கையைக் கொத்திவிட்டு, அந்த முட்டையை அலகால் இழுத்துத் தன் நெஞ்சுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

"இதுக்கு யாருங்க போய்ச் சொல்றது?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். குழந்தை போன நாளிலிருந்து நான் அழவே இல்லை.

முட்டைகளை மிளகுக்கொடியடியில் புதைத்தோம். மொட்டைக்கழுத்து இன்னும் நான்கு நாள் வெறும் கூடையில் உட்கார்ந்திருந்தது. சாந்தி அதைக் கலைக்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு அப்புறம் பிள்ளை வாய்க்கவில்லை. ஆனால் நான் தக்காளி வாங்கினாலும் மிக்சி வாங்கினாலும், "முந்நூறு முட்டை போடுமாங்க?" என்ற கேள்வி வரும். போன மாதம் அவள் தம்பி மகளுக்குப் பெயர் வைத்த அன்றுகூட அந்தக் கதையைச் சொல்லி வீட்டையே சிரிக்க வைத்தாள். எப்போதும் "உக்காரும்மா தாயே"வோடு நிறுத்திக்கொண்டு, கோழிக்குத் தண்ணி வைக்கணும் என்று எழுந்து போய்விடுவாள். மொட்டைக்கழுத்தைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.