மேட்னி ஷோவில் ஒற்றைச் சிரிப்பு

தியேட்டரில் நானூறு பேர் சேர்ந்து சிரிக்கும்போது, அதில் ஒருவன் எதற்காகச் சிரிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவன் மட்டும் சிரித்தால்தான் வம்பு. அந்த ஒருவனாக நான் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் என் வீட்டில் என்னை நிம்மதியாகச் சிரிக்க விடுவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். எதையும் எண்ணுகிற வியாதி எனக்கு உண்டு. பந்தியில் இலையை எண்ணுவேன், பஸ்ஸில் தலையை எண்ணுவேன். (என் மனைவி சரோஜா சொந்தக்காரர்களிடம், "இவரு தூக்கத்துல கொறட்டைய எண்ணுவாரு" என்று சொல்லியிருக்கிறாள்.) என் மகள் வசந்தியை அதுவரை நான்கு வரன்கள் வந்து பார்த்தார்கள். நான்கு பேரும் கேசரி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்று போனார்கள். அந்த நான்கு கடிதங்களும் இன்னும் வந்து சேரவில்லை.

ஐந்தாவது வரன் வந்தவாசியிலிருந்து வந்தது. பையன் பெயர் சேகர். கபடி ஆடுகிறவன். அப்பா அம்மா இல்லை. ஒரு அரிசி மில் முதலாளி அவனைச் சின்ன வயதிலேயே கூட்டிப்போய் வளர்த்து, தன் கபடி டீமில் ஆடவிட்டு, மில்லிலேயே வேலையும் தங்க இடமும் கொடுத்திருந்தார். பெண் பார்க்க அவரும் பையனும் மட்டும் காரில் வந்தார்கள்.

மில்காரர் மெல்லப் பேசுவார். எவ்வளவு மெல்ல என்றால், கேட்கிறவன் குனிய வேண்டும். நான் அன்று காலை முழுக்கக் குனிந்தபடியே இருந்தேன். சரோஜா காபி கொண்டுவந்தாள். பையன் கையை நீட்டினான்.

"அவனுக்கு வேணாம்மா. காபி குடிச்சா ஆட்டத்துல மூச்சு நிக்காது" என்றார் மில்காரர்.

பையன் நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். என்ன ஒழுக்கம், என்ன பணிவு என்று எனக்குப் புல்லரித்தது. பெண்ணைப் பார்த்தாயிற்று. "எனக்குப் புடிச்சிருக்கு" என்றார் மில்காரர். பையனை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. (கேட்டு, அவன் லெட்டர் போடறேன் என்று சொல்லிவிட்டால்?)

சமையலறையில் வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நைனா, எனக்குச் சரி."

நான்கு வரனுக்கும் அவள் சொல்லாத வார்த்தை அது. "என்னைப் பாத்து ஒரு வாட்டி சிரிச்சாரு நைனா. சிரிச்சிட்டு உடனே அந்தப் பெரியவரு மூஞ்சியப் பாத்துக்கினாரு. அதான் ஏன்னு தெரில."

"மரியாதைம்மா" என்றேன்.

ராகு காலம் முடிந்து, ஆறு மணிக்கு மேல் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று மில்காரர் சொன்னார். சாப்பாடு முடிந்தபோது மணி இரண்டு. மீதி நேரம் இவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? உட்காரவைத்துப் பேசினால் நான் ஏதாவது உளறுவேன். வரன் கையை விட்டுப் போகும். அப்போதுதான் தெருமுனைச் சுவரில் இருந்த போஸ்டர் நினைவுக்கு வந்தது. வேட்டி அவிழ்ந்து ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு காமெடி நடிகர் (பெயர் வேண்டாம்), அரை நிஜார் போட்டுக்கொண்டு கபடிக் கோட்டில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். பையனுக்குக் கபடி, பெண்ணுக்குக் காமெடி, மில்காரருக்கு மின்விசிறி. இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியர் பார்த்துச் சொல்வார்?

போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. "உண்மைக் கொலை வழக்கைத் தழுவியது" என்று போட்டிருந்ததாம். என் கண்ணாடி வீட்டில் இருந்தது.

தியேட்டரில் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். வசந்தி, சரோஜா, நான், மில்காரர், கடைசியில் சேகர். காமெடி நடிகர் திரையில் தோன்றியதும் விசில் பறந்தது. அவருக்குக் கல் குவாரி முதலாளி வேஷம். சொந்தமாக ஒரு கபடி டீம் வைத்திருக்கிறார். நடந்து வந்தார், ஒன்றும் பேசாமல் குனிந்தார், ஒரு விளையாட்டுக்காரப் பையனின் பாதத்தில் இருந்த மண்ணைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். தியேட்டரே சிரித்தது.

"இப்ப விழுவாரு பாருங்க" என்று மில்காரரிடம் சொன்னேன்.

அவர் விழவில்லை.

அடுத்த காட்சியில் அவரே தொந்தியைத் தூக்கிக்கொண்டு, 'கபடி கபடி' என்று பாடியபடி எதிர்ப்பக்கம் போனார். அவர் தொடுவதற்கு வசதியாக ஏழு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். தொட்டதும் ஒவ்வொருவனாகத் தலை குனிந்து வெளியே போனான். மறுபடியும் சிரிப்பு. ஆனால் கொஞ்சம் குறைந்திருந்தது. எண்ணுகிறவனுக்கு இது உடனே தெரியும். முன்வரிசை முழுக்கச் சிரித்தது பாதியானது. பிறகு பத்துப் பதினைந்து குரல். இடைவேளைக்குப் பிறகு நான்கு.

அப்புறம் ஒரு பையன் அவரைப் பிடித்துவிட்டான். விளையாட்டு என்று நினைத்து நிஜமாகவே பிடித்துக் கீழே தள்ளினான். முதலாளி மண்ணில் கிடந்தார். பாட்டை நிறுத்தவில்லை. கன்னம் மண்ணில் அழுந்த, கண் இமைக்காமல், மூச்சு விடாமல், ரகசியம் சொல்வது போல 'கபடி கபடி கபடி' என்று அந்தப் பையனைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் நம்மைச் சிரிக்கவைத்த அதே முகம், அதே வாய். எதையும் மாற்றவில்லை. சிரிப்பை மட்டும் உள்ளேயிருந்து எடுத்துவிட்டிருந்தார். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

அப்போது தியேட்டரில் ஒரே ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். என் குரல் போல இருந்தது. என் குரல்தான்.

நிறுத்த முடியவில்லை. சிரிப்புப் படம் என்று சொல்லிக் கூட்டிவந்தவன் நான். நானே சிரிக்காவிட்டால் சம்பந்தம் என்ன ஆகும்? சரோஜா என் தொடையைக் கிள்ளினாள்.

"ஏங்க, அந்தாளு அந்தப் புள்ளயக் கொல்லப் போறான். இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?"

"காமெடிக்காரருடி. கடைசில கனவுன்னு சொல்லிடுவாங்க, பாரு."

அந்த நேரம் பார்த்து கரண்டு போனது.

எங்கள் ஊரில் படத்தின் நடுவே கரண்டு போனால் கூரை பிய்ந்துபோகும். விசில், கூச்சல், ஆப்பரேட்டரின் பரம்பரை பற்றிய விசாரணை, எல்லாம் உண்டு. அன்று ஒரு சத்தம் இல்லை. முகத்துக்கு நேரே என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயத்தில் என் வாயிலிருந்து கெக்கெக்கே என்று மறுபடியும் கிளம்பியது. இருட்டில் அது எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

ஜெனரேட்டர் போட்டார்கள். படம் வந்தது, ஒலி வரவில்லை. அந்தப் பையன் தரையில் கிடக்கிறான். முதலாளி பக்கத்தில் குந்தி, அவன் பாதத்து மண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கிறார், பொறுமையாக, விரல் விரலாக. பாதம் அசையவில்லை. எப்போது கொன்றார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் இருட்டில் இருந்தபோதே நடந்து முடிந்துவிட்டது.

வெளியே வெயில் அப்படியே இருந்தது. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். மில்காரர் ஏதோ சொன்னார். குனிந்தேன்.

"நல்லா நடிச்சிருக்கான்" என்றார். பிறகு கார் கதவைத் திறந்து பிடித்து, சேகரிடம், "ஏறு" என்றார்.

சேகர் ஏறவில்லை. "நான் நடந்து வரேண்ணே."

"ஏறுடா."

"இல்லண்ணே. நடந்து வரேன்."

கால் நகரவில்லை. மில்காரர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. எதுவுமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் நடுவில் புகுந்து, "சின்னப் பையன், வெயில்ல ஒரு மாதிரி இருக்கான், நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க" என்று உளற ஆரம்பித்தேன். எதற்குப் பயந்து வீட்டைவிட்டு வந்தேனோ, அதையே நடுத்தெருவில் செய்தேன்.

"அப்ப நட" என்றார் மில்காரர். கார் கிளம்பியது. முனையில் எங்கள் தெருப்பக்கம் திரும்பாமல் வந்தவாசி ரோட்டில் போனது.

ஆறு மணிக்குத் தட்டுகள் தயாராக இருந்தன. மாற்றிக்கொள்ளத்தான் எதிரே ஆள் இல்லை. சேகர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சரோஜா கொடுத்த காபியை இரண்டு டம்ளர் குடித்தான். நான் சமையலறையில் நின்று விரல் மடக்கினேன். "வேலை போச்சு. தங்க இடம் போச்சு. பெரியவங்கன்னு பேச ஒருத்தர் இல்ல. என்னா பேஜாரு! இன்னாம்மா மிச்சம் இருக்குது?"

"ஆளு இருக்காரு இல்ல நைனா?" என்றாள் வசந்தி.

மடக்கிய விரல்களை விட்டுவிட்டேன்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் ஊரிலேயே ஒரு பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மில்காரர் கல்யாணத்துக்கு வரவில்லை, எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. அவரைக் குற்றம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வெகுநாள் கழித்து ஒரு தீபாவளியன்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"படத்தப் பாத்துதான் பயந்துட்டீங்களா மாப்ள?"

"படத்துக்கா? படம் இன்னா பண்ணும் மாமா. கரண்டு போச்சே, அப்ப சிரிச்சீங்க இல்ல?"

"ஆமா, நான் ஒருத்தன்தான். அதான் ஊரே சிரிக்குதே."

"ஒருத்தரு இல்ல மாமா, ரெண்டு பேரு. நீங்க சத்தமா சிரிச்சதுல ஒங்களுக்குக் கேக்கல. அண்ணன் என் காதுகிட்ட வந்து, மெதுவா சிரிச்சிகினே இருந்தாரு."

இத்தனை வருஷம் எண்ணியதில் அந்த ஒன்றை நான் விட்டிருக்கிறேன்.

இப்போதும் நான் டிவி பார்த்துச் சிரித்தால் சரோஜா உள்ளேயிருந்து, "இவரு சிரிச்சிட்டாரு, யாரு தலை உருளப்போவுதோ" என்று குரல் கொடுப்பாள். வீடே சிரிக்கும். அப்பாவிடம் இந்தக் கதையைக் கேட்டிருக்கும் என் பேத்தி மட்டும் சிரிக்க மாட்டாள். பட்டப்பகலாக இருந்தாலும் எழுந்து போய் லைட்டைப் போடுவாள். போட்டுவிட்டு, என் பக்கத்து நாற்காலியை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

நானும் பார்ப்பேன்.