மொபெட்டுக்குத் தள்ளுபடி கிடையாது

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து, நாற்பது வயது வரை எந்தப் பொருளையும் முழு விலை கொடுத்து வாங்காமல் உயிர் வாழ்ந்த ஒரே மனிதர் தள்ளுபடிதான். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஐந்து வருடத்தில் என் தலைமுடி பாதி போய்விட்டது. அதற்கும் அவர், "சலூன் செலவு பாதியா கொறையும்ல தம்பி" என்றுதான் ஆறுதல் சொன்னார்.

கோரிமேட்டில் ஒரு மருந்து மொத்த வியாபார அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் பில் போடும் வேலை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. மற்றபடி முதலாளியிலிருந்து டீக்காரர் வரை எல்லோருக்கும் அவர் தள்ளுபடி. நாங்கள் தங்கியிருந்தது ஒரு சொல்தா வீட்டு மாடி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தான் உயிரோடு இருப்பதாக எங்கள் சொல்தா வருடா வருடம் பிரான்சுக்குத் தாள் அனுப்ப வேண்டும். அதை நிரப்பி அனுப்பும் வேலையைத் தள்ளுபடி ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு வைஃபை பாஸ்வேர்டை வாங்கிவிட்டார். அன்று முதல் சொல்தாவின் உடல்நலத்தில் அவர் காட்டிய அக்கறையை, பெற்ற பிள்ளைகூடக் காட்டியிருக்க முடியாது. தினமும் காலையில் மாடிப்படியில் நின்று, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவார்.

பெரிய மார்க்கெட்டுக்கு அவர் போவது கடை கட்டும் நேரத்தில். அவர் தலை தெரிந்ததும் காய்கறிக்காரம்மா கூடையைச் சாக்கால் மூடுவார். ஒருமுறை கத்தரிக்காயில் பாதி சொத்தை, அதனால் பாதி விலைதான் தருவேன் என்று தள்ளுபடி வாதாடினார். சொத்தையை நானே வைத்துக்கொள்கிறேன், நல்லதை மட்டும் முழு விலைக்கு எடுத்துக்கொள் என்று அந்த அம்மா மடக்கினார். அவர் சற்று யோசித்து, சொத்தையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி இருவரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

இன்னொரு முறை திண்டிவனத்திலிருந்து அவருடைய பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டானூர் தாண்டுவதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. எதிரிலேயே பங்க் இருந்தது. ஆனால் அது தமிழ்நாட்டு எல்லை. நம் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்பது ஊரறிந்த விஷயம். நடு மத்தியான வெயிலில் கோரிமேடு வரை பைக்கைத் தள்ளினோம். சரியாகச் சொன்னால் நான் தள்ளினேன். அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, லிட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கோரிமேட்டு அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்று அதற்கும் ஒரு லாபம் கண்டுபிடித்தார்.

இப்படிப்பட்டவர் கையில் ஆகாயக் கப்பல் விளையாட்டைக் கொடுத்தவன் நான்தான். அந்தப் பாவத்துக்கு என்னை எந்தச் சாமியும் மன்னிக்காது.

கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டு அது. கப்பலை விண்வெளியில் ஓட்டலாம், சரக்கு ஏற்றலாம், கொள்ளைக்காரர்களோடு சண்டை போடலாம். உலகம் முழுக்க ஆட்கள் ஆடுகிறார்கள். ஒரே சங்கடம், கப்பலை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். நான் என் முதல் போனஸில் இருப்பதிலேயே சின்னக் கப்பலை வாங்கினேன். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. அதற்கு மொபெட் என்று பெயர் வைத்து, பச்சை வர்ணம் பூசி, பக்கவாட்டில் நம்மூர் வண்டிகளைப் போல பிஒய் 01 என்று நம்பர் எழுதினேன். சொன்னால் சிரிப்பீர்கள், அதன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

தள்ளுபடி அதைப் பார்த்துவிட்டு விலையை விசாரித்தார். முழு விலை கொடுத்தேன் என்றதும் சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு மூன்று மாதம் அந்த விளையாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, ரகசியத்தைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார்.

ரகசியம் இதுதான். பெரிய கப்பலை நேராக வாங்கக் கூடாது. பழைய குக்கரைக் கொடுத்துப் புது குக்கர் வாங்குவதுபோல, இருக்கும் கப்பலைக் கொடுத்துவிட்டு விலை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் அடுத்த கப்பல் கிடைக்கும். திருவிழா நாட்களில் அந்த வித்தியாசத்திலும் தள்ளுபடி உண்டு. ஒரே தாவாகத் தாவாமல், சின்னச் சின்னதாகப் பல படி வைத்து, ஒவ்வொரு படியையும் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டே போனால், உச்சியில் இருக்கும் கப்பல் பாதி விலைக்கு வந்துவிடும். வாங்கிய படியை உடனே உபயோகிக்க வேண்டியதில்லை. கூப்பன் மாதிரி கையில் வைத்துக்கொள்ளலாம்.

உச்சியில் இருந்த கப்பலுக்கு அவர் வைத்த பெயர் லாஞ்ச். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் பெரிய விசைப்படகு மாதிரி அதற்கும் வயிறு பெருத்திருக்கும். அதில் ஒன்பது பேர் போகலாம். தள்ளுபடி எங்கள் ஆபீசில் உத்தியோகங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு டிரைவர் பதவி. டீக்காரருக்கு சமையல். முதலாளிக்குச் சரக்கு இறக்குகிற வேலை.

நான்கு வருடம் அவர் படி வாங்கினார். சேல் வரும் நாட்களில் தலைக்குக் குளித்து, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உட்காருவார். படிகள் பதினேழு ஆயின. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் லாஞ்ச் வரைக்கும் ஒரு இடைவெளிகூட இல்லை. அவர் பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் அந்தப் பதினேழு படிகளின் பட்டியல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இதில் ஒரு சின்னக் குறை இருந்தது. அவரிடம் கப்பல் இல்லை.

ஆமாம். படி ஏற, கீழே நிற்க ஒரு தரை வேண்டாமா? முதல் படியைப் பொருத்த ஒரு சின்னக் கப்பலாவது வேண்டும். இருப்பதிலேயே சின்னது மொபெட். அந்தக் கம்பெனிக்காரன் எல்லாக் கப்பலுக்கும் தள்ளுபடி போடுவான், மொபெட்டுக்கு மட்டும் போடமாட்டான். அதன் விலை ஒரு மாத மெஸ் காசுகூட வராது. வாங்கித் தொலையுங்கள் அண்ணே என்று நான் கெஞ்சாத நாளில்லை. "போடுவான் தம்பி. ஒரு நாளு போட்டுத்தான ஆவணும்" என்று நான்கு வருடம் காத்திருந்தார்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் என் மொபெட்தான். நான் ஓட்டுவேன். அவர் எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பின் சீட்டில் இருப்பதாக பாவித்துக்கொள்வார். எரிபொருள் வீணாகிறது, மெதுவாகப் போ என்பார். ஏதாவது கிரகத்தில் இறங்கும்போது, பாலத்திலிருந்து இறங்கும் பைக்கைப் போல எஞ்சினை அணைக்கச் சொல்வார். அப்படி அணைத்து ஒன்பது தடவை தரையில் மோதிச் செத்திருக்கிறோம்.

ஐந்தாவது வருட ஆரம்பத்தில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கையில் வைத்திருக்கும் படிகளை எல்லாம் வருகிற ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒரு கப்பலில் பொருத்திவிட வேண்டும். பொருத்தாதவை செல்லாது. பணமும் திரும்பி வராது.

தள்ளுபடி முதலில் கம்பெனியோடு பேரம் பேசிப் பார்த்தார். பழைய வாடிக்கை, மொபெட்டைக் கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று இங்கிலீஷில் ஐந்து மெயில் எழுதினார். ஐந்துக்கும் மெஷின் ஒரே பதிலை அனுப்பியது. வெள்ளிக்கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை சொல்தாவிடம் மாத்திரை பற்றிக் கேட்க மறந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மொபெட் பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். வாங்கு என்ற பட்டன்மேல் அம்பு நின்றது. விரல் மௌஸ்மேல் இருந்தது. பதினொன்று வரை அது அழுத்தவில்லை. ஆத்திரம் தாங்காமல் நான் அவர் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா மில்லுல இருந்தாரு தம்பி. ஒரே ஒரு தடவ, பேரம் பேசாம, சொன்ன வெலயக் குடுத்து ஸ்கூட்டர் எடுத்தாந்தாரு. அன்னிக்கு வூட்ல பாயசம். அடுத்த வாரம் மில்ல மூடிட்டாங்க. அந்த ஸ்கூட்டர கால் வெலைக்குத்தான் வித்தோம். அவரே அத சந்து முனை வரைக்கும் தள்ளிக்கினு போயி வுட்டுட்டு வந்தாரு." பிறகு என் மணிக்கட்டை விட்டுவிட்டு, "காசு இருக்கு தம்பி. கை வரல" என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அந்த விளையாட்டில் ஒருவர் தன் கப்பலை இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பலாம். படி பொருத்திவிட்டால் பழைய கப்பல் இல்லாமல் போகும் என்பதும் எனக்குத் தெரியும். என் பச்சை மொபெட்டைக் கொடுக்க எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. ஆனால் அந்த மனிதரின் நான்கு வருடம் இன்னும் ஒரு மணி நேரத்தில் சாகப்போகிறது. என் மடிக்கணினியை எடுத்தேன். அனுப்பிவிட்டேன்.

"என் மொபெட் உங்களுக்கு வந்திருக்கு பாருங்கண்ணே. எடுத்துக்கங்க."

"எவ்ளோக்கு?"

"ஃப்ரீ."

அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "ஜிஎஸ்டி?" என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்தது ஒரு கல்யாணம் மாதிரி நடந்தது. பதினேழு படியையும் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். ஒவ்வொன்றுக்கும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் படியிலேயே என் பச்சை வண்டி மறைந்துபோனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பதினேழாவது படி ஏறியது. லாஞ்ச் வந்துவிட்டது. பாதி விலைக்கும் குறைவு. உண்மையிலேயே சாதனைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

உள்ளே ஏறிப் பார்க்கலாம் என்று விளையாட்டைத் திறந்தோம். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. தாங்கள் வாங்கிய கப்பல் இன்னும் வடிவமைப்பில் இருக்கிறது, கட்டி முடியும் வரை தங்கள் உபயோகத்துக்கு ஒரு தற்காலிகக் கப்பல் வழங்கப்படுகிறது என்று இருந்தது. கீழே அந்தத் தற்காலிகக் கப்பலின் படம். அது மொபெட்.

என்னுடையதுகூட இல்லை. வர்ணமில்லாத, நம்பரில்லாத, கம்பெனி மொபெட்.

லாஞ்ச் இன்னும் கட்டவேயில்லை என்பது தெரியுமா என்று கேட்டேன். "தெரியுமே. கட்டி முடிச்சப்புறம் வெல ஏறிடும்ல? ஈசிஆர் பக்கம் பிளாட் போடுறவன்லாம் கட்டி முடிச்சிட்டா விக்கிறான்?" என்றார் தள்ளுபடி. நான் தரையில் படுத்துவிட்டேன். நான்கு வருடம், பதினேழு படி, என் ஆசைக் கப்பல், எல்லாம் போய் நாங்கள் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றோம். போதாததற்கு என்னிடம் இப்போது மொபெட்டும் இல்லை.

அவர் அந்தக் கம்பெனி மொபெட்டில் ஏறி, வாழ்க்கையில் முதன்முதலாகத் தானே ஓட்டினார். கிளம்பிய இடத்துக் கூரையிலேயே போய் மோதினார். பிறகு எழுந்து நின்று, நீ ஓட்டு என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் அசையவில்லை. அன்று முழுக்க அவரோடு பேசவும் இல்லை.

புதன்கிழமை ஆபீசில் இருக்கும்போது எனக்கொரு மெயில் வந்தது. யாரோ எனக்குக் கப்பல் பரிசு அனுப்பியிருந்தார்கள். திறந்தேன். புது மொபெட். எதிர் மேஜையில் தள்ளுபடி மும்முரமாக இருமல் மருந்துக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது நீங்களா?"

"சேல்ல போட்டிருந்தான் தம்பி" என்றார், தலையைத் தூக்காமல். "பாதி வெல. நான்தான் சொன்னேன்ல, ஒரு நாளு போடுவான்னு."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சேல் எதுவும் இல்லை. மொபெட்டின் விலை நான் வாங்கிய நாளில் இருந்த அதே விலை, ஒரு பைசா குறையவில்லை. அந்த விரல் எப்படி அழுத்தியது, எத்தனை மணி நேரம் மௌஸ்மேல் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் டீ குடித்துவிட்டு வந்ததும், நல்ல சான்ஸில் பிடித்தீர்கள் அண்ணே என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

இப்போது நான் சென்னையில். அவர் அதே சொல்தா வீட்டு மாடியில் இருக்கிறார். லாஞ்ச் இன்னும் கட்டி முடியவில்லை. அவர் முழு விலை கொடுத்த கதையை இத்தனை நாள் நான் வெளியே சொன்னதில்லை, சொன்னால் ஊரில் அவர் பெயர் என்னாவது? இங்கே துணிந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பத்திரிகையை அவர் கடையில் வாங்கமாட்டார். பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த பிறகுதான் வாங்குவார். எப்படியும் ஆறு மாதம் ஆகும்.

அண்ணே, ஆறு மாதம் கழித்து நீங்கள் இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு சேல் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மொபெட்டுக்குப் பழைய பச்சை வர்ணத்தையே பூசியிருக்கிறேன். பின் சீட்டில் இதுவரை யாரையும் ஏற்றவில்லை.