பூஜ்யத்துக்குக் கீழே சாரங்கபாணி

நடக்கவே நடக்காதுங்கறியே ரமணி, நடந்ததுடி. ஹிந்தி பேசற மனுஷனை ஹிந்தி வகுப்புலே ஒண்ணாம் பாடத்திலேயே வருஷக்கணக்கா உக்காத்தி வெச்சா. நீ பி.எட். படிக்கறே, யாரையும் விட்டுடாம எல்லாரையும் சேத்துண்டு போற கல்வின்னு உங்க காலேஜ்லே இப்பதான் வந்திருக்குங்கறே. புதுசாவது ஒண்ணாவது. எழுபத்தஞ்சிலேயே உப்பல் பக்கம் ஒரு சர்க்கார் ஃபேக்டரியிலே அது வந்து, உக்காந்து, டிபன் சாப்பிட்டுட்டுப் போயாச்சு. ஃபேக்டரி பேரை மட்டும் கேக்காதே. அங்கே பென்ஷன் வாங்கறவா இந்தத் தெருவிலேயே இருக்கா. நாளைக்கு நான் அவாளோட பால் பூத்திலே நிக்கணும்.

சாரங்கபாணின்னு ஒருத்தன். பொறந்தது வளந்தது எல்லாம் செகந்திராபாத். ஆத்துக்குள்ளே கும்பகோணத்துத் தமிழ், வாசப்படி தாண்டினா ஹைதராபாத் தெரு ஹிந்தி: ஆமாம்னா 'ஹவ்', வேண்டாம்னா 'நக்கோ', ஏன்னா 'கைக்கு'. அந்த ஃபேக்டரி ஸ்டோர்ஸ்லே வேலை. ஃபிட்டரோட சண்டை போடறதும் அந்த ஹிந்தியிலேதான், அப்புறம் டீ வாங்கிக் குடுத்து சமாதானம் ஆறதும் அதிலேதான். பொண்டாட்டி ஜலஜா மெட்ராஸ்லே கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். அவ சம்பளத்திலேதான் அவ அம்மா சாப்பிடணும், வேலையை விட முடியாது. கல்யாணம் ஆயும் ரெண்டு பேரும் குடித்தனம் பண்ணினது ரயில்வே ப்ளாட்பாரத்திலேதான். அந்தக் கல்யாணத்திலே ரசத்துக்காக சம்பந்திகள் ரெண்டு நாள் பேசிக்காம இருந்தது தனிக் கதை. அதை அப்புறம் கேளு, இப்போ ஆரமிச்சா சாரங்கபாணி அம்போன்னு நிப்பான்.

கம்பெனிக்கு மெட்ராஸ்லே ஒரு கிளை ஆபீஸ். அங்கே இடமும் காலியா இருந்தது. மாத்தல் கேட்டு மனு போட்டான். குணசேகரன்னு பர்சனல் ஆபீசர், நல்ல மனுஷர், மனு குடுத்தா எழுந்து நின்னு வாங்கிப்பார். ஆனா ஹிந்தி பாஸ் பண்ணாதவாளுக்கு மாத்தல் கிடையாதுன்னுட்டார்.

"மெட்ராஸ் போறதுக்கு ஹிந்தி எதுக்கு சார்?"

"அங்கே யாருக்கும் தெரியாதே, அதுக்குத்தான்."

"யாருக்கும் தெரியாத ஊர்லே நான் யார்கிட்ட சார் பேசறது?"

"அது மெட்ராஸ் ஆபீஸ் கவலை. நான் ஹைதராபாத் ஆபீஸ்."

சரி, தெரிஞ்ச பாஷைதானே, ஒரு மாசத்திலே முடிச்சுடலாம்னு சந்தோஷமா வகுப்புக்குப் போனான். அங்கேதான் பத்ரிநாராயணன் இருந்தார், ஹிந்தி ஆபீசர். நம்ம மனுஷர்தான், சிக்கட்பள்ளியிலே அவா ஆம். டில்லியிலே கருத்தரங்குக்குப் போகும்போது தொளதொள பேன்ட்டும் குடையுமா போனவர், வரும்போது சஃபாரி சூட், தாடை வரைக்கும் கிருதா, கறுப்புக் கண்ணாடி. அவர் அம்மாவே கதவைத் தொறந்துட்டு, 'பையன் ஊர்லே இல்லே'ன்னு சாத்திட்டாளாம். துணியோட போச்சா, 'அனைவரையும் அரவணைத்துச் செல்லும் நவீன கற்பித்தல் முறை'ன்னு ஒண்ணையும் கொண்டு வந்துட்டார்.

முதல்லே பெஞ்சை வரிசையாப் போடக்கூடாதுன்னார். வரிசைன்னா கடைசி பெஞ்சுன்னு ஒண்ணு வந்துடும், அங்கே உக்காரறவா மனசு நோகும். அதனாலே வட்டமாப் போட்டா. வட்டத்திலே பாதிப் பேர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிண்டு உக்காந்தா. அவா மனசு நோகுமேன்னு கரும்பலகையைத் தூக்கி வெளியிலே வெச்சார். பதில் தெரிஞ்சவா கை தூக்கினா தெரியாதவாளுக்கு அவமானம், அதனாலே யாரும் கை தூக்கப்படாது. அப்புறம் கேள்வி கேக்கறதே ஒரு மாதிரி மிரட்டல்தானேன்னு அதையும் விட்டார். கடைசி ஆளுக்கு ஒண்ணாம் பாடம் வரவரைக்கும் யாருக்கும் ரெண்டாம் பாடம் கிடையாது. மாசா மாசம் யாராவது புதுசா வேலைக்குச் சேருவா. வந்தவா தனியா விட்டாப்போல நினைக்கக்கூடாதேன்னு மறுபடியும் எல்லாரும் 'இது பேனா, அது மேஜை'.

இதிலே யாருக்கும் குறை இல்லே, அதைச் சொல்லணும். வகுப்புன்னா நாலு மணிக்கே சீட்டை விட்டு எழுந்துக்கலாம். கம்பெனி செலவிலே டீ, மிளகாய் பஜ்ஜி. ரெகார்டு ரூம் வேதாசலம், ரிடையர் ஆகப்போற மனுஷர், எந்த லீவு போட்டாலும் வகுப்பு நாள்லே போட மாட்டார். குறை சாரங்கபாணிக்கு மட்டும்தான். நேரே பத்ரிநாராயணன்கிட்டயே போய் நின்னான்.

"சார், எனக்குத்தான் ஹிந்தி தெரியுமே, பரீட்சை வெச்சுடுங்கோளேன்."

"எங்கே, பேசுங்கோ."

"கைக்கு சாப், பராபர் மாலூம் மேரேகு."

ஏன் சார், எனக்கு நன்னாவே தெரியுமேங்கறான். பத்ரிநாராயணன் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு அவனை ரொம்ப இரக்கமாப் பாத்தார். "சாரங்கபாணி, ஒண்ணுமே தெரியாதவா பூஜ்யத்திலே நிக்கறா. உங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு. நீங்க பூஜ்யத்துக்கும் கீழே."

"வேதாசலம் சார்?"

"பூஜ்யம். உங்களைவிட எவ்வளவோ மேலே."

"நான் பூஜ்யத்துக்கு வரதுக்கு என்ன பண்ணணும்?"

"மறக்கணும்."

இதைக் கேட்டா உனக்குச் சிரிப்பு வரது. அவன் நிஜமாவே மறக்க ஆரமிச்சான்டி. ஸ்டோர்ஸ்லே யார் வந்து என்ன கேட்டாலும் வாயைத் தொறக்கறதில்லே, சைகைதான். பேரிங் கேட்டவனுக்கு பக்கெட்டைக் குடுத்தான். ஃபிட்டர் எல்லாம் கூடி, பாவம் ஸ்டோர்ஸ் பாபுவுக்கு வாய் இழுத்துண்டுடுத்துன்னு பேசிண்டா. ஒருத்தர் தர்காவிலேர்ந்து தாயத்து கொண்டு வந்து கட்டிவிட்டார், இன்னொருத்தர் கோழி சூப் நல்லதுன்னார். அய்யங்கார் பையன், கோழின்னதும் சைகைக்கு எங்கே நேரம்? 'நக்கோ'ன்னுட்டான். போச்சு, அது வரைக்கும் மறந்ததெல்லாம் வீண்.

இதுக்குள்ளே வகுப்புலேயே கடைசி ஆள் அவன்தான்னு பதிவாயிடுத்து. அதாவது, மத்தவா அத்தனை பேரும் அவனுக்காகக் காத்துண்டிருக்கா. வேதாசலம் பஜ்ஜித் தட்டை அவன் பக்கம் நகத்தி, "நீ ஒண்ணும் அவசரப்படாதேப்பா. நான் ரிடையர் ஆற வரைக்கும் கீழேயே இரு"ன்னார்.

பெரிய லீவுக்கு ஜலஜா வந்தா. அவளும் டீச்சராச்சே, இதைக் கேட்டதும் முதல்லே சிரிச்சா. அப்புறம் சிரிக்கலே. அடுத்த லீவுக்குள்ளே மாத்தல் வரலேன்னா வேலையை விட்டுட்டு இங்கேயே வந்துடறேன், எங்கம்மாவுக்கு நீங்களே போய்ப் பதில் சொல்லிடுங்கோன்னு சொல்லிட்டு ரயில் ஏறிட்டா.

அந்தச் சமயத்திலேதான் டில்லியிலேர்ந்து கமிட்டி வந்தது, புது முறை எப்படி நடக்கறதுன்னு பாக்க. வந்தவாளுக்கு மாலை, ஷாமியானா, பிஸ்தா போட்ட பாசந்தி. அந்தப் பாசந்தி கிளற ஆள் அஃப்சல்கஞ்சிலேர்ந்து வந்தான், என்ன கை அது... சரி, அது வேண்டாம். 'இரண்டாம் மொழி மாணவர் ஒருவரின் சிந்தனைகள்'னு ஒரு மாணவர் மேடையிலே பேசணும்னு திட்டம். யார் பேசறது? பின்தங்கினவாளுக்குத்தானே முதல் இடம். சாரங்கபாணியை ஏத்திட்டா. பத்ரிநாராயணன் சுத்த ஹிந்தியிலே எழுதிக் குடுத்து, அவனும் உருப்போட்டிருந்தான்.

மேடை ஏறி மைக் முன்னாலே நின்னான். 'மாண்புமிகு'வுக்கு மேலே ஒண்ணும் வரலே. ஜலஜா மூஞ்சிதான் வரது. வாயைத் தொறந்தான் பாரு, மறந்தது அத்தனையும் கொட்டித்து.

"யே கிளாஸ் மேரேகு நக்கோ சாப். ஜோரு மதராஸ்மே, மை இதர். கைக்கு சாப், கைக்கு?"

இந்த வகுப்பே எனக்கு வேண்டாம், பொண்டாட்டி மெட்ராஸ்லே, நான் இங்கே, ஏன் சார் ஏன்னு கேட்டான். அதோட விட்டானா? எனக்குப் பொண்டாட்டியும் பேனாவும் ஒண்ணாப் போச்சு, பேனாவைத்தான் தினம் பாக்கறேன்; வட்டமா உக்காந்து உக்காந்து தலை சுத்தறது; கரும்பலகை வெளியிலே மழையிலே நனையறது, அதை யாரும் அரவணைக்கலேன்னு அந்தத் தெரு ஹிந்தியிலேயே பிச்சு உதறிட்டான். பத்ரிநாராயணனுக்கு வேர்த்து சஃபாரி நனைஞ்சு போச்சு.

கமிட்டித் தலைவர் கண்ணிலே தண்ணி வரச் சிரிச்சார். அவர் இதை நாடகம்னு நினைச்சுண்டுட்டார். கையைத் தட்டிட்டு, இவர் வகுப்புலே சேரும்போது எந்த நிலைமையிலே இருந்தார்னு கேட்டார்.

"பூஜ்யத்துக்கும் கீழே சார்"ன்னார் பத்ரிநாராயணன். பொய் சொல்லலே பாரு, பதிவிலேயே இருக்கே.

பூஜ்யத்துக்குக் கீழே கிடந்த மனுஷனை ஹிந்தியிலே நாடகம் ஆடற அளவுக்குத் தூக்கி விட்டிருக்குன்னா இந்த முறை எப்பேர்ப்பட்டது! அங்கேயே பாஸ்னு அறிவிச்சா. பத்து நாளிலே ஆர்டர் வந்துடுத்து. மேற்படி சாரங்கபாணி, மேற்படி முறையின் உயிருள்ள சான்று என்பதால், மெட்ராஸ் கிளையில் மேற்படி வகுப்பை நடத்தப் பணிக்கப்படுகிறார். வகுப்பு முடிஞ்சு எல்லாரும் பாஸ் பண்ணினதும் உப்பலுக்கே திரும்பி வந்து சேரணும்.

கடைசி வரியை அவன் ரயில்லே போறச்சேதான் நன்னாப் படிச்சானாம்.

மெட்ராஸ்லே ஜலஜா வாடகைக்கு ஒரு போர்ஷன் பிடிச்சு, புது ஃபில்டர் வாங்கி வெச்சிருந்தா. முதல் நாள் கார்த்தாலே அவ கையாலே காப்பி குடிச்சுட்டு ஆபீஸ் போனான். போனவன் நாற்காலியை எல்லாம் வட்டமாப் போடச் சொன்னான். கரும்பலகையைத் தூக்கி வெளியிலே வைக்கச் சொன்னான். நாலு மணிக்கு டீயும் மெதுவடையும்னு கேன்டீனுக்குச் சொல்லி அனுப்பினான்.

அங்கே ஒரு அக்கவுண்டன்ட். நாக்பூர்லே பொறந்து வளந்தவர், ஹிந்தி தண்ணி பட்ட பாடு, ஆனா பாஸ் பண்ணின காகிதம் கிடையாது. அவர் நேரே வந்து, "சார், என் ஆத்துக்காரி ஹைதராபாத்லே தபாலாபீஸ்லே வேலையா இருக்கா. மாத்தல் வாங்கிண்டு போகணும். இன்னிக்கே பரீட்சை வெச்சா இன்னிக்கே எழுதிடறேன்"ன்னு கையைப் பிடிச்சுண்டார்.

சாரங்கபாணிக்குக் கண் கலங்கிடுத்து. அவனுக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்? நாற்காலியைத் தொடைச்சுப் போட்டு, "உக்காருங்கோ சார். வடை சூடா இருக்கு, முதல்லே சாப்பிடுங்கோ"ன்னான்.

ஏழு வருஷம் சாப்பிட்டார்.

அந்த அக்கவுண்டன்ட் பேர் என்னவா? நன்னாக் கேட்டே போ. ஆம்படையான் பேரை நான் என்னிக்குடி வாய்விட்டுச் சொல்லியிருக்கேன்? ஐயையோ, தூறல் போடறதே. வெயில்லே போட்ட தலகாணி எல்லாம் முத்தத்திலே கிடக்கு, அவரும் அங்கேதான் நாற்காலியிலே தூங்கறார். இரு, வேலைக்காரியைக் கூப்பிட்டு தலகாணியையும் அவரையும் உள்ளே கொண்டு வரச் சொல்றேன். ஏ காசிம் பீ, பாரிஷ் ஆரா, ஜல்தி ஆவ். தலகாணி அந்தர் லாவ், சாப்கு பீ அந்தர் லாவ்.