பெண் பார்க்க வந்த அன்று பூத்த கரணை

புதிதாக நாலு கலைச்சொல் படித்தவனோடு ஒரே வீட்டில் வாழ்வது கடினம். மருத்துவம் படிப்பவன் வீட்டாருக்கெல்லாம் நோய் வருத்தம் கண்டுபிடிப்பான். சட்டம் படிப்பவன் கறிக்கு உப்புக் குறைந்தாலும் வழக்குப் பேசுவான். நான் படித்தது அழகுத் தோட்டக்கலை. மற்ற இரண்டையும் போல் அல்லாமல், இதனால் யாருக்கும் கெடுதி இல்லை என்றுதான் எங்கள் வீட்டார் நம்பியிருந்தார்கள். (பாவங்கள்.)

மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கட்டடப் பொருள் கடையொன்றில் வேலை செய்துகொண்டு, வார இறுதியில் யாழ்ப்பாணம் டவுனில் அந்த வகுப்புக்குப் போய்வந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்து பெரிய வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் தோட்டம் அமைத்துக் கொடுத்து முன்னேறிவிடுவது என்பது திட்டம். முதல் மாதத்தில் கற்றது எல்லாம் சொற்கள்தான். தனியிலை, கூட்டிலை, இலையுதிர் மரம், என்றும் பசுமையான மரம், குமிழ், தண்டுக்கிழங்கு, பூந்துணர். கற்றதை எங்கே போய்ச் சொல்வது? வீட்டில்தான்.

அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் நிற்பேன்.

"அம்மா, நீங்கள் உருவுறது இலை இல்லை. சீறிலை. ஈர்க்கோடை சேர்த்துத்தான் ஒரு இலை. இதைக் கூட்டிலை எண்டு சொல்லுறது."

"கூட்டி அள்ளுற இலையோ? அப்ப அந்த விளக்குமாத்தை எடுத்துக்கொண்டு முத்தத்துக்குப் போ."

முற்றத்தில் அப்பா நிற்பார். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். காலையில் மாமரத்துக்குக் கீழே கூட்டுவதுதான் இப்போது அவருடைய உத்தியோகம்.

"அப்பா, மாமரம் என்றும் பசுமையான மரம். இலை உதிராது."

அப்பா கூட்டிக் குவித்திருந்த சருகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இது எங்கையிருந்து வந்தது? கண்டியிலையிருந்தோ?"

(ஒரேயடியாக உதிராமல் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும் என்பதுதான் அதன் பொருள். விளக்குவதற்குள் அவர் குப்பைக்கு நெருப்பு வைத்துவிட்டார்.)

இப்படி இருக்கும்போதுதான் தங்கச்சி சுகன்யாவுக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நிரோஷன், அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே கணித ஆசிரியர். தரகர் கொண்டுவந்த சம்பந்தம், பொருத்தமும் நன்றாக இருந்தது. ஒரே ஒரு சிக்கல்தான். அவர்கள் கரவெட்டிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சைவச் சாப்பாட்டுக்காரர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார்கள். நாங்களோ வெள்ளி, செவ்வாய் தவிர மற்ற நாட்களில் மீன் இல்லாமல் சோற்றுக்குக் கை வைக்காத குடும்பம். மாப்பிள்ளையின் தாய்க்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். "வந்து ஒருக்காப் பாப்பம் எண்டிருக்கிறா. பாத்து நடவுங்கோ."

அம்மா பாத்து நடந்தாள். அவர்கள் வரவிருந்த கிழமை முழுக்க வீட்டுக்குள் மீன் வரவில்லை. சட்டி, அகப்பை, அம்மி, கதவுக் கைபிடி எல்லாம் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாள். சுகன்யாவும் கூடவே தேய்த்தாள். அவள் அப்படி மூச்சுவிடாமல் வேலை செய்ததைப் பார்த்தபோதே, இது அவளுக்கு வெறும் தரகர் சம்பந்தம் இல்லை என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் வேறு யோசனையில் இருந்தேன்.

என்னுடைய பங்கு விறாந்தை அலங்காரம். வீட்டு வாசலில் கண்ணை இழுக்கும்படி ஒரு செடி நிற்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். செடி தெரிவு செய்யும்போது உயரம், வடிவம், இலை, பூ, மணம் ஆகிய எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் இலையோடு நின்றுவிட்டேன்.

ஏனென்றால் கரணையின் இலை என்னை மயக்கியிருந்தது. சாவகச்சேரியில் ஒரு நண்பனின் வளவில் பார்த்தது. மலைப்பாம்பின் தோல் போலப் புள்ளி விழுந்த ஒரே தண்டு, அதன் உச்சியில் குடை விரித்தது போல இலை. எல்லாரும் தண்டு என்று நினைப்பது உண்மையில் இலைக்காம்பு, மரம்போல நிற்பது முழுவதும் ஒரே ஒரு இலை. இதைவிட அருமையான செடி உலகத்தில் உண்டா? நண்பனிடம் பெரிய கிழங்காக ஒன்று வாங்கிவந்து, சீமெந்துச் சாடியில் நட ஆயத்தப்படுத்தினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது கரணைக்கிழங்கல்லோ? நல்ல பால்கறி வைக்கலாம்."

"கிழங்கு எண்டு சொல்லாதேங்கோ அம்மா. இது தண்டுக்கிழங்கு."

"அதுக்குள்ளையும் கிழங்கு இருக்குத்தானே? தா இஞ்சை."

போராடித்தான் காப்பாற்றினேன். (அன்றைக்கு அம்மாவிடம் தோற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திராது.)

சித்திரை மழை ஒன்று விழுந்தது. சாடியில் முளை வந்தது. ஆனால் வந்தது இலை இல்லை. தடித்த ஊதா நிற மொட்டு. நாளுக்கு நாள் பருத்தது. கரணையைத் தின்றவர்கள்தான் எங்கள் ஊரில் இருந்தார்கள், பூக்கவிட்டுப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா வந்து பார்த்துவிட்டு, "பொம்பிளை பாக்க வரேக்கை பூ வாறது நல்ல சகுனம்" என்றாள். அம்மாவே மனம் மாறிச் சாடிக்கு மஞ்சள் பூசினாள். நான் தொலைபேசியில் படங்களைத் தேடிப் பார்த்தேன். அழகோ அழகு. படத்துக்கு மணம் கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் வருவதாக ஏற்பாடு. காலையில் மொட்டு விரியத் தொடங்கியது. ஊதா நிறத்தில் அலை அலையாக விளிம்பு வைத்த மடல், நடுவே பெரிய குமிழ். எனக்கோ ஒரு கிழமையாக மண்ணும் தூசியும் கிளறிப் பீனிசம் பிடித்து, மூக்கு இரண்டு பக்கமும் இறுக அடைத்திருந்தது. உலகத்தில் எந்த மணமும் எனக்கு இல்லை.

பத்து மணிபோல அம்மா கேட்டாள்: "என்ன மணக்குது?"

மத்தியானம் அவள் கேட்டது வேறு: "என்னடா நாறுது?"

அப்பா சொன்னார், கூரைக்குள் எலி செத்துவிட்டது என்று. ஏணி வைத்து ஏறினார். வெகுநேரம் கழித்துத் தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார், எலி இல்லாமல். அம்மா வேலிக்குப் போய்ப் பவளம் அக்காவிடம், "உங்கடை கக்கூஸ் குழி நிரம்பிட்டுதோ?" என்று கேட்டாள். "நானும் உங்களிட்டை அதைத்தான் கேக்க வந்தனான்" என்றாள் பவளம் அக்கா. சகுனம் சொன்ன வாயாலேயே வேறு சில சொற்களும் சொன்னாள். வீடெங்கும் சாம்பிராணி, ஊதுபத்தி, டெற்றோல். நாற்றம் குறையவில்லை, அதற்குப் பக்கத்தில் ஒரு கோயிலும் ஓர் ஆஸ்பத்திரியும் சேர்ந்துகொண்டன.

யாரும் பூவைச் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு அழகான ஒன்றை யார் சந்தேகிப்பார்? அதைச் சுற்றி இலையான் ரீங்காரமிட்டு மொய்ப்பதை அப்பா காட்டினார். "மகரந்தச் சேர்க்கை அப்பா" என்றேன் நான், பெருமையாக.

நிரோஷனும் தாய் தகப்பனும் வந்து இறங்கினார்கள். படியில் கால் வைத்த நிரோஷனின் தகப்பனார் நின்றார். மூக்கைச் சுருக்கினார். மெல்லச் செருப்பைக் கழற்றிக் குதியைத் திருப்பிப் பார்த்தார். புல்லில் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தார். தாயார் வியர்வை துடைப்பதுபோலச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார், அதைப் பிறகு எடுக்கவே இல்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. ஒரு கிழமை தேய்த்த தேய்ப்பு எல்லாம் வீணாகி, அவர்கள் கண்ணில் நாங்கள் வெள்ளிக்கிழமையும் மீன் காய்ச்சும் ஆட்களாகிவிட்டோம்.

அப்பா என் காதுக்குள் கிசுகிசுத்தார்: "தம்பி, உள்ளுக்கை இருத்தேலாது. என்ன செய்வம்?"

நான்தான் வழி சொன்னேன். "விறாந்தையிலை இருத்துவம் அப்பா. காத்தோட்டமா இருக்கும்."

கதிரைகளை நானே தூக்கிக்கொண்டு போய்ப் பூச்சாடியைச் சுற்றி வைத்தேன்.

பயற்றம் பணியாரம் வந்தது. மரியாதைக்கு ஆளுக்கொன்று எடுத்தார்கள். யாரும் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை. அந்த அமைதியை நிரப்ப வேண்டியது என் கடமை என்று நினைத்தேன்.

தாயார் ஏதாவது கேட்டு வைக்க வேண்டுமே என்று கேட்டார்: "தம்பி, உது என்ன பூ?"

"அன்ரி, இது பூ இல்லை. பூந்துணர். நீங்கள் இதழ் எண்டு நினைக்கிறது இதழே இல்லை, மடல். உண்மையான பூக்கள் எல்லாம் உள்ளுக்கைதான், சின்னஞ்சிறுசா. குனிஞ்சு பாத்தால்தான் தெரியும். கிட்ட வாங்கோ அன்ரி."

நல்ல மனுசி. நான் ஆசையாகக் கூப்பிட்டேன் என்பதற்காக எழுந்து வந்தார். தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தார். குனிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் விறாந்தை விளிம்புக்கு ஓடியதும், பயற்றம் பணியாரம் திரும்பி வந்ததும், அம்மா "ஐயோ" என்று தலையில் கை வைத்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. நான் அசையாமல் நின்றேன். நாலு மாதப் படிப்பில் ஒரு சொல்லும் உதவிக்கு வரவில்லை.

சுகன்யா தேத்தண்ணித் தட்டோடு அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். கண்ணிரண்டும் கலங்கியிருந்தன. ஒருமுறை பூவைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். தட்டை என் கையில் திணித்தாள்.

"அண்ணா, விலகுங்கோ."

பட்டுச்சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு சாடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அது சீமெந்துச் சாடி. அசைந்து கொடுத்ததே தவிர எழும்பவில்லை.

நிரோஷன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "சுகி, விடும். பாரம். நான் பிடிக்கிறன்."

விறாந்தையில் எல்லாரும் நாற்றத்தை மறந்தார்கள்.

"சுகியோ?" என்றார் அவனுடைய தாயார், வாயைத் துடைத்தபடி.

அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டு, சாடியைப் பின் வளவுக்குக் கொண்டுபோனார்கள். வாழைகளுக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் சுகன்யா அழும் சத்தம் கேட்டது. பிறகு அவன் ஏதோ சொல்லும் சத்தம். பிறகு இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம். சாடி வைத்துவிட்டு வருவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

காற்று மெல்ல மெல்லச் சுத்தமாயிற்று. தாயார் முகம் கழுவி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"கோவிக்காதேங்கோ. நான் நீங்கள் மீன் வைச்சிருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சனான்."

"நாங்கள் எலி எண்டு நினைச்சம்" என்றாள் அம்மா.

"நான் என்ரை செருப்பெண்டு நினைச்சன்" என்றார் தகப்பனார். புல்லில் தேய்த்துத் தேய்த்து ஒரு செருப்பின் வார் அறுந்தே போயிருந்தது.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். தாயார் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையள் முடிவெடுத்திட்டினம் போலை கிடக்கு. நாங்கள் ஏன் இன்னும் யோசிக்கிறம்? தேசிக்காய் விட்டு ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றார்.

என்னை ஒருவரும் ஏசவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. புறப்படும்போது நிரோஷன் என் தோளைத் தட்டி, "அண்ணை, அருமையான விளக்கம்" என்று மட்டும் சொன்னான்.

கலியாணத்துக்குச் செலவுகளைப் பிரித்துக்கொண்டபோது மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரே ஒரு நிபந்தனை வந்தது. சீதனம் வேண்டாம், மற்றதெல்லாம் உங்கள் விருப்பம், பூ மட்டும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

தோட்டக்கலையை நான் விடவில்லை. இன்றைக்கு ஊரில் சில நல்ல வீடுகளின் முற்றங்கள் என் கைவேலை. ஆனால் கரவெட்டியில் அதற்கெல்லாம் மதிப்பில்லை. பிரதேச சபையின் குப்பை வண்டி ஒழுங்கைக்குள் திரும்பும்போது, சுகன்யாவின் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாளாம்.

"அம்மா, மாமா வாறார்!"